குளிர்ந்த பிளக்கும் குறுகிய இடைவெளியும்

சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கி அதனை முன்னிலும் வேகமாகச் சுழல வைத்தால் சிலிண்டருக்குள் திணிக்கப்படும் காற்றின் அழுத்தம் எவ்வாறு உயர்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவ்வாறு உயர்ந்த அழுத்தத்தையும், அதனால் மிகுந்த உஷ்ணத்தையும், சிலிண்டரின் உள்ளேயே இருந்துகொண்டு தாங்க வேண்டிய சின்னஞ்சிறு உறுப்பு ஸ்பார்க் பிளக். ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்து எஞ்சினை மாற்றியமைப்பவர்கள், விலை குறைந்த பொருள் என்ற காரணத்தாலேயே இதனை அலட்சியம் செய்துவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் விசனத்தைத் தரும் விஷயம்.

நாம் உதாரணமாகக் கொண்டிருக்கும் 2003, 2004-ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவையே இங்கும் எடுத்துக்கொள்வோம். 4.6 லிட்டர் கொள்ளளவும், 8.5-க்கு 1 என்ற அழுத்த விகிதமும், 390 குதிரைத்திறனும் கொண்ட அதன் எஞ்சின், மிச்சிகன் மாநிலத்து ரோமியோ தொழிற்சாலையில் இருவர் இருவராகச் சேர்ந்து கையாலேயே பூட்டி, தம் கையொப்பத்தையும் பதித்து அனுப்பிய எஞ்சின். அதன்மேல் அமர்ந்திருக்கும் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், தொழிற்சாலை அமைப்பில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தம், தருகிறது. சிறிய புல்லி பூட்டிய அன்பர்கள் அதனை 14 பவுண்டு அளவுக்குக் கொண்டுபோவது சாதாரணம்.

பிளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அதன் உஷ்ணத் தரம். குளிர்ந்த பிளக் என்றால் குளிர்ந்த பொறி என்றோ, சூடான பிளக் என்றால் வலிய பொறி என்றோ பலர் கருதுகிறார்கள்; பொறிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நடு மின்முனையைச் சூழ்ந்திருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால், அது வாங்கிய உஷ்ணம் சிலிண்டர் ஹெட்டை அடைய நெடுவழி செல்ல வேண்டியிருப்பதால் முனை சூடாகவே நிற்கிறது. மூக்கு குட்டையாக இருந்தால் உஷ்ணம் விரைவில் வெளியேறி முனை குளிர்கிறது. அம்முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நின்றால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள இயலாமல் அடைத்துக்கொள்ளும். 850 டிகிரியை ஒட்டி ஏறிவிட்டால், பொறி பாய்வதற்கு முன்னமே கலவையைத் தானே பற்றவைத்துவிடும். கரியடைப்பு ஒரு தொல்லைதான். ஆனால் அந்த முன்பற்றல் சில விநாடிகளிலேயே பிஸ்டனை உருக்கிவிடக்கூடிய பேரபாயம். ஆகவே, சந்தேகம் வந்தால் குளிர்ச்சியின் பக்கமே சாய வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். குதிரைத்திறன் 75 முதல் 100 வரை கூடும்போது ஒரு படி குளிர்ந்த பிளக் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் பிரமாணம். கோப்ரா அன்பர்கள் பலரும் என்.ஜி.கே. நிறுவனத்தின் டி.ஆர்.6 பிளக்கை நாடுவதற்கும் இதுவே காரணம். கடையில் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை: என்.ஜி.கே., டென்ஸோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கணக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன், ஆட்டோலைட் ஆகியவற்றின் கணக்கிலோ எண் ஏற ஏறச் சூடு.

இனி இடைவெளி. இரு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதை ஃபிரீட்ரிக் பாஷன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1889-ஆம் ஆண்டிலேயே நிலைநாட்டினார். வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்துக்கொண்டால், 8 பவுண்டு பூஸ்டில் 22.7 ஆக இருந்த அழுத்தம் 14 பவுண்டு பூஸ்டில் 28.7 ஆகிறது, அதாவது ஏறக்குறைய கால் பங்கு அதிகம். பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயிலோ பழைய காயில்தான்; அதன் சக்தி நம் ஆசைக்கு ஏற்ப வளர்வதில்லை. எனவே, பழைய மின்னழுத்தத்திலேயே பொறி தாண்ட வேண்டுமானால், ஒரு மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். அனுபவஸ்தர்கள் இத்தகைய எஞ்சினுக்கு 0.032 முதல் 0.035 அங்குலம் வரை, அதாவது 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைப்பது இந்தக் கணக்குடன் அழகாகப் பொருந்துகிறது. சூப்பர்சார்ஜர் காற்றைச் சூடாக்கியும் விடுவதால் அடர்த்தி இதே அளவுக்கு உயர்வதில்லை என்பது மெய். ஆனால் பூஸ்ட் மிகுந்த எஞ்சினில் பொறி பாயும் நேரமாகிய டைமிங்கைத் தாமதப்படுத்துவதால், பிஸ்டன் மேல் உச்சியை நெருங்கி அழுத்தம் இன்னும் மிகுந்திருக்கும் வேளையில் பொறி பாய வேண்டியிருக்கிறது என்பதும் மெய்யே.

அப்படியானால் இன்னும் குறைத்துவிடலாமே எனில், கூடாது. இடைவெளி குறையக் குறையப் பற்றும் தீக்கரு சிறுத்து, அதன் உஷ்ணத்தை மின்முனைகளே உறிஞ்சிவிடுவதால், வண்டி ஐடிலில் தடுமாறும். முழு பூஸ்டில், உச்ச வேகத்தில், விட்டுவிட்டு எரியாமல் ஓடக்கூடிய மிகப் பெரிய இடைவெளி எதுவோ அதுவே சரியானது. தடுமாற்றம் கண்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு குறைத்துப் பார்ப்பதே முறை.

பெட்டியில் வந்த இடைவெளியை நம்பாமல் எட்டு பிளக்கையும் கம்பி கேஜால் அளக்க வேண்டும். குறைப்பதற்குப் பக்க முனையை மரத்தில் மெல்லத் தட்டினால் போதும். கூட்டும்போது நடு முனையில் ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும், இரிடியம் பிளக்கானால் அந்த மெல்லிய முனையே முறிந்துவிடும். எஞ்சின் ஆறிய பின்னரே, ஆழ்ந்த குழிக்குள் பிளக்கைக் கையால் திருகி இறக்க வேண்டும். ஹெட் அலுமினியமாகையால் மரை கெடுவது எளிது.

சில நாள் ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பீங்கானை உற்று நோக்குங்கள். வெளிர் பழுப்பு நிறம் க்ஷேமம். கொப்புளம் எழுந்த வெள்ளை அதிக உஷ்ணத்தின் அடையாளம். நுண்ணிய அலுமினியத் துகள்கள் மினுமினுத்தால், பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது என்று அறிந்து அக்கணமே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்; அதற்குப் பரிகாரம் எந்தப் பிளக்கிலும் இல்லை, டைமிங்கிலும் எரிபொருளிலும் இருக்கிறது. அவ்விரண்டையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.