1,500 பைட் வரம்பும் இணையப் பரிமாற்றகங்களும்

இணையத்தில் போகும் எந்தத் தகவலும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே போகிறது. ஒரு பொட்டலம் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற வரம்புக்கு எம்.டி.யு. என்று பெயர். இணையத்தின் பெரும்பகுதியில் அந்த வரம்பு 1,500 பைட். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் காட்சியைப் படம்பிடித்து, 1 ஜிகாபைட் கோப்பாகச் சென்னைக்கு அனுப்பினால், ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரித் தலைப்புகளுக்கான இடம் போக, அது ஏறத்தாழ 6,85,000 பொட்டலங்களாகிறது. வரம்பு 9,000 பைட்டாக இருந்தால் சுமார் 1,12,000 பொட்டலங்கள் போதும்.

1,500 என்ற எண் 1980-ல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெட் விதிமுறையில் வந்தது. அப்போது வேகம் நொடிக்கு 10 மெகாபிட். பல கணினிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. நினைவகமும் விலை கூடியது. ஒரு கணினி நீண்ட நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை காத்துக் கிடக்க வேண்டும். 1,500 பைட் பொட்டலம் ஒன்று அந்தக் கம்பியைக் கடக்க 1.2 மில்லிநொடி ஆனது. இன்றைய 10 ஜிகாபிட் இணைப்பில் 9,000 பைட் பொட்டலமே 7 மைக்ரோநொடியில் கடந்துவிடுகிறது. வரம்புக்கான காரணம் போய்விட்டது, வரம்பு மட்டும் நிற்கிறது.

9,000 பைட் அளவை 1998 வாக்கில் ஆல்ட்டியான் என்ற அமெரிக்க நிறுவனம் முன்வைத்தது. கோப்பு சேவையகங்கள் தரவை 8 கிலோபைட் கட்டங்களாக அனுப்பிவந்தன. ஒரு கட்டம் முழுவதும் தலைப்புகளோடு ஒரே பொட்டலத்தில் அடங்க 9,000 போதும். பொட்டலம் பழுதாகியதா என்று சரிபார்க்கும் 32 பிட் சோதனை எண்ணும் இந்த அளவுவரை முன்போலவே நம்பகமாக வேலை செய்கிறது. இப்படிப்பட்ட பெரிய பொட்டலங்களுக்கு ஜம்போ ஃபிரேம் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் ஈதர்நெட் தரத்தை வகுக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பு இதைத் தரமாக ஏற்கவே இல்லை. 2006-ல் கூடுதல் தலைப்புகளுக்கு இடம்விட்டு ஃபிரேமின் மொத்த அளவை 2,000 பைட் வரை நீட்டியதோடு நின்றுவிட்டது. இதனால் ஒரே 9,000-ஐ ஒவ்வொரு கருவித் தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறார்கள். சிலர் ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டைச் சேர்த்து எண்ணுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்புகள் பழுதாவதற்கு இந்தச் சிறு வித்தியாசமே போதும்.

பெரிய பொட்டலத்தின் ஆதாயத்தைக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஈதர்நெட் அடுக்கில் 38 பைட்டும், முகவரித் தலைப்புகளில் 40 பைட்டும் செலவாகின்றன. 1,500 பைட்டில் கம்பியின் கொள்ளளவில் 95 சதவீதம் உண்மைத் தரவுக்குக் கிடைக்கிறது. 9,000 பைட்டில் 99 சதவீதம். இந்த 4 சதவீதத்தைவிட முக்கியமானது எண்ணிக்கை. முழு அளவுப் பொட்டலங்களால் நிரம்பிய 10 ஜிகாபிட் இணைப்பில், ரவுட்டர் நொடிக்கு சுமார் 8,12,000 பொட்டலங்களின் முகவரியைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். பெரிய அளவில் அது 1,38,000 ஆகக் குறைகிறது. நெடுந்தூர இணைப்பில் சில பொட்டலங்கள் தொலைந்தாலும் கிடைக்கக்கூடிய வேகம், பொட்டல அளவுக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது என்பதை மேத்திஸ் உள்ளிட்டோர் 1997-ல் வெளியிட்ட சமன்பாடு காட்டுகிறது. அறிவியல் தரவை ஊர்விட்டு ஊர் அனுப்பும் ஆய்வு வலையமைப்புகள் 9,000 பைட்டை விரும்பி ஏற்றதற்கு இது காரணம்.

இணையப் பரிமாற்றகம் என்பது வெவ்வேறு இணைய நிறுவனங்கள் தங்கள் தரவை நேரடியாகக் கைமாற்றிக்கொள்ளும் இடம். இந்தியாவில் இதற்காக 2003-ல் நிக்சி தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, ஒரே ஊரில் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இடையிலான தரவுகூடப் பலமுறை வெளிநாடு சென்று திரும்பியது. இன்று சென்னையில் நிக்சியோடு டி.இ.-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். போன்ற பரிமாற்றகங்களும் இயங்குகின்றன. உலகின் பெரும்பாலான பரிமாற்றகங்களில் வரம்பு இன்னும் 1,500 பைட்தான்.

பரிமாற்றகத்தின் நடுவில் இருப்பது சுவிட்ச், ரவுட்டர் அல்ல. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாதையில் ஒரு ரவுட்டருக்குப் பொட்டலம் பெரிதாக இருந்தால், அது அனுப்பியவருக்கு 'அளவைக் குறை' என்ற செய்தியைத் திருப்பி அனுப்பும். 1990-ல் வகுக்கப்பட்ட பாதை அளவறியும் முறை இந்தச் செய்தியை நம்பியே நடக்கிறது. சுவிட்சுக்கு அப்படிச் செய்தி அனுப்பும் வழக்கம் இல்லை. ஒரு நிறுவனம் 9,000 பைட் பொட்டலத்தை அனுப்பி, மறுமுனையில் இருப்பவர் 1,500-ஐ மட்டுமே ஏற்றால், பொட்டலம் சுவடின்றி மறையும். அனுப்பியவருக்குத் தகவலே வராது.

இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதும் கடினம். இரு நிறுவனங்களின் ரவுட்டர்களும் பி.ஜி.பி. என்ற முறையில் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி 19 பைட்தான், அது தடையின்றிப் போய்ச்சேரும். இணைப்பு சரியாகவே தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான வழிகளைக் கொண்ட பட்டியல் பெரிய பொட்டலங்களில் கிளம்பினால் மறைந்துபோகலாம். அதே பொட்டலம் மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். காத்திருக்கும் காலம் முடிந்ததும் தொடர்பு அறுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அறுபடும். சிறு பொட்டலம் அனுப்பிப் பார்க்கும் பொறியாளருக்கு எல்லாம் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்.

ஆகவே ஒரே வலைக்குள் இரண்டு அளவுகளைக் கலக்கக் கூடாது. ஸ்வீடனின் நெட்நாட், ஒரே இடத்தில் 1,500 பைட்டுக்கு ஒரு மெய்நிகர் வலையும் 4,470 பைட்டுக்கு இன்னொன்றும் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பரிமாற்றகமும் 9,000 பைட்டுக்குத் தனி வலை தருகிறது. 2011-ல் ஹரிக்கேன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மார்ட்டின் லெவி, பரிமாற்றகங்கள் பொதுவாக 9,000 பைட்டை ஏற்க வேண்டும் என்று இணையத் தர அமைப்பான ஐ.இ.டி.எஃப்.-இடம் ஒரு வரைவு அளித்தார். அது தரமாக உருப்பெறவில்லை. தனி வலைக்குத் தனி முகவரித் தொகுதியும் தனித் தொடர்புகளும் வேண்டும், கண்காணிப்பு வேலை இரட்டிப்பாகும். சேர்பவர்கள் குறைவாக இருக்கும்வரை அந்த உழைப்புக்குப் பலனும் குறைவு.

சங்கரன்கோவில் பயனருக்கு இதனால் என்ன கிடைக்கும்? அந்த ஊர் வழியாகப் போகும் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை 2000-களின் முற்பகுதிவரை மீட்டர் பாதையாக இருந்தது. விருதுநகர்வரை வந்த அகலப்பாதைப் பெட்டியால் அதனால்தான் சங்கரன்கோவிலுக்குள் நுழைய முடியவில்லை. இணையப் பாதையிலும் மிகக் குறுகிய இடமே அளவைத் தீர்மானிக்கிறது. பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட நிறுவனங்களின் வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள பி.பி.பி.ஓ.இ. முறை 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால், அங்கே கிடைப்பது 1,492 பைட்தான். சென்னையில் 9,000 வந்தாலும் இந்த முனை மாறாமல் கோப்பு வேகமாகப் போகாது. யூடியூப் பயன்படுத்தும் க்விக் முறையின் பொட்டலங்களும் 1,500-க்குள் அடங்கும்படியே அமைக்கப்பட்டவை.

பெரிய அளவின் முதல் பயனாளிகள் வேறு: இரு தரவு மையங்களுக்கு இடையே காப்புப் பிரதி அனுப்புவோர், ஆய்வு நிறுவனங்கள், பொட்டலத்தை இன்னொரு பொட்டலத்துக்குள் பொதிந்து அனுப்பும் தனியார் வலை நடத்துவோர். இந்த மூன்றாவது தரப்புக்கு 9,000 பைட்கூடத் தேவையில்லை. வி.எக்ஸ்.லான் பொதிவு 50 பைட்டையும் ஜி.ஆர்.இ. 24 பைட்டையும் கூட்டுகிறது. 1,600 பைட் வரம்பு இருந்தாலே உள்ளிருக்கும் 1,500 பைட் பொட்டலம் துண்டாகாமல் போய்ச்சேரும். சென்னையில் ஒரு பரிமாற்றகம் அளவை உயர்த்த நினைத்தால், இந்தத் தேவையிலிருந்து தொடங்குவதே சரி. பெரிய எண்ணைவிட, துண்டாகாத 1,500 பைட் அதிகம் பேருக்குப் பயன்படும்.

அளவைச் சோதிக்க வழி உண்டு. துண்டாக்கத் தடை விதித்து அனுப்பும் பிங் கட்டளையில் தலைப்புகளுக்கு 28 பைட் போகும். 9,000 பைட் வலையில் 8,972 பைட் போய்த் திரும்ப வேண்டும். 8,973 போகக் கூடாது. சங்கரன்கோவில் வீட்டில் 1,472 திரும்பினால் பாதை 1,500 பைட்டுக்குத் திறந்திருக்கிறது. 1,464-இல் நின்றுவிட்டால், இடையில் பி.பி.பி.ஓ.இ. இருக்க வாய்ப்பு அதிகம்.