வளர்ப்புக் குடும்பத்திற்கும் பயிற்சி வேண்டும்

பிறர் குழந்தையை வளர்க்க அன்பொன்றே போதும் எனப் பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. தத்தெடுத்த குழந்தை நம்முடையதே. வளர்ப்புக்கு வந்த குழந்தையோ பெற்றோரின் நிலை சீர்பட்டதும் அவர்களிடமே திரும்பக்கூடும்.

தில்லியில் பாராளுமன்றம் 2015ஆம் ஆண்டு நிறைவேற்றிய இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இம்முறைக்கு இடமளிக்கிறது. குழந்தைகள் நலக் குழு குழந்தையைத் தக்க குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. மாதந்தோறும் சென்று பார்வையிடவும் கடமைப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டின் வாத்சல்யா திட்ட நெறிமுறைகள் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுத்துள்ளன.

பொருள் பசியைத் தீர்க்கும். நள்ளிரவில் அன்னையை நினைத்து அழும் குழந்தையைத் தேற்றும் வகையையும், அவ்வன்னையைப் பழித்துரையாத பண்பையும், பிரியும் நாளுக்கு மனத்தை ஆயத்தம் செய்யும் திறனையும் பயிற்சியே தரும். குழந்தை வாயிற்படி ஏறுமுன்பே அது தொடங்குதல் நன்று.