ஃபோர்டு ‘மாடல் டி’ கார்
ஃபோர்டு மோட்டார் கம்பெனி, மிச்சிகன், அமெரிக்கா
தயாரிப்பு: 1908–1927 | 4 சிலிண்டர், 20 குதிரைத்திறன்

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் சாதாரணக் குடும்பங்களுக்கெனத் தயாரித்த கார் இது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தடத்தில் பாகங்களைப் பொருத்தும் முறை வந்தது. அடிச்சட்டம் பொருத்த ஆன 12½ மணி நேரம், அடுத்த ஆண்டே சுமார் 1½ மணியாகச் சுருங்கியது. 850 டாலரில் தொடங்கிய விலை, 1925இல் மலிவான வகைக்கு 260 டாலராக இறங்கியது. மொத்தம் 1.5 கோடிக்கும் அதிகமான கார்கள் உருவாயின.

தொடக்க காலக் கார்களில், முன்புறக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அது எதிர்த்து அடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது, பம்பு கிடையாது. செங்குத்தான மேட்டில் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்காததால் பலர் காரைப் பின்பக்கமாகவே ஏற்றினர். உழவர்கள் பின்சக்கரத்தை உயர்த்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் பயன்படுத்தினர்.