மாமண்டூர்: மேகத்தின் பெயரில் ஓர் ஏரி

காஞ்சிபுரத்தில் வந்தவாசிப் பேருந்து பிடித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, தூசியைக் கடந்தால் மாமண்டூர் வந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நின்றுவந்தனவே, அந்த மாமண்டூர் வேறு. இது திருவண்ணாமலை மாவட்டம் வெம்பாக்கம் வட்டத்துக் கிராமம். மாவட்டம் வேறானாலும், பல்லவர் காலத்திலிருந்து இதன் கதை காஞ்சியோடு சேர்ந்ததுதான்.

ஊரை ஒட்டி நீளவாக்கில் ஒரு கருங்கல் குன்று. அதில் நான்கு குடைவரைகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து வேலை. முதல் குடைவரையின் சுவரில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பகுதி சிதைந்துவிட்டது. சிதைந்தது போக எஞ்சியதில் 'மத்தவிலாசம்', 'பகவதஜ்ஜுகம்' என்ற இரண்டு நாடகங்களின் பெயர்களைப் படிக்க முடிகிறது. நாடகம் எழுதிய ராஜா, அதன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறான்! இரண்டாவது குடைவரையில் வரிசையாக மூன்று கருவறைகள். சோழர் கல்வெட்டு அதை உருத்திரவாலீச்சுரம் என்கிறது. பல்லவர்களுக்கும் முன்பே இந்தக் குன்று ஆள் நடமாட்டம் கண்டிருக்கிறது. தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் இங்கே உண்டு.

நான் அதிக நேரம் நின்றது முடிக்காமல் விட்ட குடைவரையின் முன்னால்தான். தூண்கள் உருவெடுத்தும் உருவெடுக்காமலும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கையை வைத்தால் உளித் தழும்புகள் வரிவரியாக உள்ளங்கையில் உரசுகின்றன. ஒவ்வொரு தழும்பும் ஒரு அடி. சுத்தியல் ஓங்கி இறங்கிய ஒரு நொடி.

சுண்ணாம்புப் பாறை உள்ள நாட்டில் இந்தப் பாடு வேண்டியதில்லை. ஆந்திராவின் போரா குகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைத்தண்ணீரே பாறையைக் கரைத்துக் குகை குடைந்துவிடும். தண்ணீரும் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தடியில் ஓடும். தொண்டை மண்டலத்துக் கருங்கல் அப்படிக் கரைந்து கொடுக்காது. பெய்த மழை மேலோடு வழிந்து கடலுக்கு ஓடிவிடும். குகை வேண்டுமென்றால் உளி எடுக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் கரை போட வேண்டும். மாமண்டூரில் இரண்டையும் செய்தார்கள். குன்றையே கரையில் ஒரு பகுதியாக்கி, மீதிக்கு மண்ணைக் கொட்டி ஏரி கட்டினார்கள். சோழர் காலக் கல்வெட்டு அதற்குச் சொல்லும் பெயர் 'சித்திரமேக தடாகம்'. வெட்டியவன் மகேந்திரனே என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். உத்திரமேரூர் ஏரிக்கும் பழைய பெயர் வைரமேக தடாகம். ஏரிக்கு மேகத்தின் பெயர் வைத்த அந்த மனதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு குளிர்கிறது.

இப்போது அதைத் தூசி மாமண்டூர் ஏரி என்கிறார்கள். மழையை மட்டும் நம்பிய ஏரி இல்லை இது. 1858இல் வாலாஜாவுக்குப் பக்கத்தில் கட்டி முடித்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து நான்கு கால்வாய்கள் பிரிகின்றன: மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி. மகேந்திரவாடியில் மகேந்திரன் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்து, பக்கத்தில் மகேந்திர தடாகம் என்று ஏரியும் வெட்டினான். ஆற்றின் இரு பக்கமும் அவன் பெயர் சொல்லும் இரண்டு ஏரிகளுக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து வெள்ளைக்காரன் காலத்து அணைக்கட்டு ஒன்றே தண்ணீர் பிரித்துக் கொடுக்கிறது.

பாலாற்றில்தான் தண்ணீர் இல்லை. பட்டுக்குச் சாயம் தோய்க்கப் பாலாற்றுத் தண்ணீர்தான் வாகு என்று காஞ்சிபுரத்து நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். அந்த மணலையும் அள்ளியாயிற்று. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு வேறு பல ஆண்டுகள் அதில் கலந்தது. குடைவரைகளுக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது, பலகை இருக்கிறது. அதே காலத்து ஏரிக்கு அப்படி ஒரு பலகை இல்லை. கல்லைச் சின்னம் என்று மதிக்கும் நாம், கரையையும் மதகையும் வரத்துக்காலையும் சின்னமாக நினைப்பதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. அப்படி ஒரு வருஷம் வாய்த்து, கால்வாயில் தண்ணீர் இறங்கி ஏரி நிரம்பினால், இந்தப் பக்கத்தில் 'ஏரி கோடி போகிறது' என்பார்கள். அந்தச் சேதி காதில் விழுந்ததும் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, வழிகிற தண்ணீரைக் காட்டுவார்கள்.