மெமரி ஃபோம் ஏன் புழுங்குகிறது?

மெமரி ஃபோம் மெத்தையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் சில நொடிகள் அப்படியே நின்று, பிறகுதான் மெல்ல மேலேறும். லேடெக்ஸில் கையோடு கையாக எழும்பிவிடும்.

1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவான பாலியூரித்தேன் நுரைதான் மெமரி ஃபோம். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி, மெதுவாகவே நகரும். சூடு பட்டால் இளகும். அதனால் கொடைக்கானல் குளிரில் விறைப்பாகத் தெரியும் அதே மெத்தை சென்னை மே மாதத்தில் கொழகொழக்கும். ஒருக்களித்துப் படுப்பவரின் தோளும் இடுப்பும் அமுங்க இடம் கொடுப்பதால் அழுத்தம் பரவுகிறது. ஆனால் உடலை அணைத்துக்கொள்ளும் நுரையில் காற்றுக்கு வழி ஏது? அதுதான் புழுக்கம்.

லேடெக்ஸ் ரப்பர் பாலில் செய்வது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது சங்கிலிகளுக்கிடையே பிணைப்புகள் விழுகின்றன. இழுபட்ட சங்கிலியை அவை உடனே பழைய நிலைக்கு இழுக்கும். வார்க்கும்போதே துளைகள் விடுவதால் காற்றும் ஓடும். எடையும் விலையும்தான் இடிக்கும்.

ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே பெரும்பகுதி காலி இடம், ஆகவே சூடு தங்காது. கம்பிச்சுருள்கள் பின்னிக்கிடந்தால் ஒருவர் புரளும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் ஆட்டம். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளுக்கும் தனித் துணிப்பை என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ஃபோம் வாங்கினால் அடர்த்தியைக் கேளுங்கள். கடைக்காரர் 'நல்லா ஹார்டா இருக்கும் சார்' என்பார். அது வேறு கணக்கு. அடர்த்தி குறைந்தால், கடினமான மலிவு நுரையும் சீக்கிரமே குழிவிழும்.