பயந்த மாட்டைப் பழக்குவது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மறுபடியும் காலூன்ற நினைக்கும்போது முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு பசுவைத்தான். வயல் கைக்கு வர நாளாகலாம். பசு இருந்தால் பிள்ளைகளுக்குப் பால் உண்டு. மிஞ்சியதை விற்றால் அன்றாடச் செலவுக்குக் காசு உண்டு. கன்று வளர்ந்தால் அது ஒரு சேமிப்பு.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் இப்படி வாங்கப்படும் பசுக்களில் பல, மேற்கே வயல்வெளிகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் பட்டியாக வளர்ந்தவை. அறுவடை முடிந்த வயலில் மேய்ந்து, விதைப்புக் காலத்தில் தூர இடங்களுக்குச் சாய்த்துச் செல்லப்பட்டு, கயிறே அறியாமல் வளர்ந்த மாடு அது. ஒரு நாள் அதைப் பிடித்துக் கட்டி, லொறியில் ஏற்றி, வீடுகள் நெருக்கமாக உள்ள கரையோர ஊரின் சிறு வளவொன்றில் இறக்கி விடுகிறோம். அங்கே மதில், மோட்டார் சைக்கிள், ஒலிபெருக்கி, ஓடித் திரியும் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் புதியவை. கூட்டமும் இல்லை.

மாடு உதைக்கிறது. கயிற்றை அறுக்கிறது. கறக்கப் போனால் பால் இறங்குவதில்லை. "இது கள்ள மாடு" என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். வியாபாரி வந்து இறைச்சி விலைக்குக் கேட்கிறார். மாடு போகிறது, கடன் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த இழப்பு தவிர்க்கக் கூடியது. இப்படிப்பட்ட மாடுகளில் பெரும்பாலானவை கெட்ட மாடுகள் அல்ல, பயந்த மாடுகள். பயத்தை அடித்துத் துரத்த முடியாது. பழக்கித்தான் போக்க வேண்டும். அதற்கான வழிகளை இங்கே பார்ப்போம்.

மாடு ஏன் அஞ்சுகிறது?

மாடும் குதிரையும் எருமையும் பிற மிருகங்களுக்கு இரையாகும் இனங்கள். ஆபத்தை முதலில் கண்டு ஓடியது பிழைத்தது. அந்த இயல்பு இன்றும் அவற்றின் உடம்பில் இருக்கிறது.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் அது பார்க்கும். நேர் பின்பக்கம் மட்டும் தெரியாது. அதனால்தான் பின்னால் திடீரென்று வருபவரை உதைக்கிறது. தூரத்தையும் பள்ளத்தையும் மட்டுக்கட்டுவதில் நம்மைப் போல் அதற்குத் திறமை இல்லை. தரையில் கிடக்கும் கயிறு, ஒரு நிழல், காற்றில் ஆடும் பொலித்தீன் பை ஆகியவை கூட அதை நிறுத்தி விடும். காது நம்மைவிடக் கூர்மையானது. நமக்குக் கேளாத மெல்லிய உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். வாளி விழும் சத்தமும் விசிலும் அதற்குப் பெரும் தொந்தரவு.

இன்னொன்று, மாடு எளிதில் மறக்காது. எந்த இடத்தில், எந்த மனிதரிடம் அடி வாங்கியதோ அந்த இடத்தையும் அந்த மனிதரையும் நினைவில் வைத்திருக்கும். வெடிச் சத்தம் கேட்டால் பழைய நாட்கள் நினைவுக்கு வந்து நெஞ்சு படபடப்பது நம்மில் பலருக்குத் தெரிந்த அனுபவம். மாட்டின் நிலையும் அதற்குத் தூரமில்லை.

பயந்தால் பால் ஏன் இறங்காது?

மடியைத் தொட்டுக் கழுவும்போதும் கன்று முட்டும்போதும் மாட்டின் மூளையிலிருந்து ஒக்சிரோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. ஏறக்குறைய 1 நிமிடத்தில் அது மடியை அடைந்து பாலை இறக்குகிறது. அதன் வேலை சில நிமிடங்களே நீடிக்கும். மாடு பயந்தால் அதிரினலின் என்னும் வேறொரு சுரப்பு வந்து இந்த வேலையைத் தடுத்து விடுகிறது. பால் மடியிலேயே நிற்கும், காம்புக்கு வராது. "மாடு பாலை ஒளிக்கிறது" என்று நாம் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்று ஒளிப்பதில்லை.

அவுஸ்திரேலியாவில் போல் ஹெம்ஸ்வேர்த் என்பவரும் அவருடைய சகாக்களும் பாற்பண்ணைகளை ஆராய்ந்தார்கள். வேலையாட்கள் அடித்தும் அதட்டியும் நடத்திய பண்ணைகளில் மாடுகள் மனிதரைக் கண்டு கூடுதலாக அஞ்சின; பாலும் குறைவாகவே கிடைத்தது. ஆகவே மாட்டுடன் அன்பாக நடப்பது இரக்கம் மட்டுமல்ல, வருமானமும் கூட.

விலகு எல்லை

பழகாத மாட்டை நெருங்கும்போது ஓரிடத்தில் அது தலையைத் தூக்கும். இன்னும் ஓரடி வைத்தால் விலகி ஓடும். மாட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இந்த எல்லையை விலகு எல்லை எனலாம். பட்டி மாட்டுக்கு இது பெரிது. பழகிய மாட்டுக்கு இல்லையென்றே சொல்லலாம். அமெரிக்காவின் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின் இதை விவசாயிகளுக்கு விளக்கிப் பரப்பியவர்களுள் முக்கியமானவர்.

எல்லையின் விளிம்பில் நில்லுங்கள். மாடு தலையைத் தூக்கினால் நீங்களும் நின்று விடுங்கள். அது தலையைத் தாழ்த்தினால் ஓரடி பின்வாங்குங்கள். அமைதியாக நின்றால் மனிதர் விலகிப் போவார் என்பதை மாடு அப்போது கற்றுக்கொள்கிறது. நாளுக்கு நாள் எல்லை சுருங்கும்.

மாட்டை நடத்தவும் இதுவே வழி. அதன் தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். வாலை முறுக்கத் தேவையில்லை.

நான்கு வாரப் பழக்கம்

முதலாம் வாரம்: ஒரே ஆள், ஒரே நேரம். சுபஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் என்று நேரத்தை வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் புல்லும் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிக் குந்தியிருங்கள். தாழ்ந்த குரலில் ஏதாவது பேசுங்கள். கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். தொடவும் வேண்டாம்.

இரண்டாம் வாரம்: தவிட்டையும் புண்ணாக்கையும் பேசினில் வைத்துக் கையில் பிடியுங்கள். அது வந்து தின்னட்டும். பின் பக்கவாட்டில் நின்று தோளைத் தொடுங்கள். அங்கிருந்து கழுத்துக்குப் போங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக் கொடுப்பது பெரும்பாலும் தலையிலும் கழுத்திலுமே. கழுத்தின் அடிப்பக்கத்தைத் தடவினால் பல மாடுகள் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். அதுவே நம்பிக்கையின் முதல் அடையாளம்.

மூன்றாம் வாரம்: கையை எடுக்காமல் முதுகு, வயிறு, தொடை என்று கீழே கொண்டு செல்லுங்கள். மாடு நகர்ந்தால் கையை வெடுக்கென்று இழுக்காமல் அங்கேயே வைத்திருங்கள். அது அமைதியானதும் எடுங்கள். கன்று ஊட்டும்போது மறுபக்கத்தில் நின்று மடியைத் தொட்டுப் பழக்குங்கள். வாளிச் சத்தத்தையும் கேட்கப் பண்ணுங்கள்.

நான்காம் வாரம்: கன்றை விட்டு, பால் இறங்கியதும் ஒரு காம்பில் மட்டும் சிறிது கறந்து நிறுத்துங்கள். நாளுக்கு நாள் கூட்டுங்கள். வீட்டில் இரண்டாவது ஆளையும் இப்போது பழக்க வேண்டும். உம்மா மட்டுமே கறக்கலாம் என்றிருந்தால், அவர் நோயில் படுக்கும் நாளில் வீடு திண்டாடும்.

சில மாடுகள் 2 வாரத்தில் பழகும். சிலவற்றுக்கு 2 மாதமும் ஆகலாம். முன்னேறாவிட்டால் முந்திய படிக்குத் திரும்புங்கள்.

அமைதியான மாடு அசைபோடும், தலை தாழ்ந்திருக்கும், காது தளர்ந்திருக்கும். பயந்த மாட்டின் தலை உயர்ந்திருக்கும். கண்ணின் வெள்ளை தெரியும். அடிக்கடி இளகிய சாணம் போடும். இந்த அடையாளங்களைப் பார்த்தால் அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்துங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. மாடு கூட்டமாக வாழ்வது. தனியே கட்டினால் கலங்கும். அயல் வீட்டு மாடு கண்ணுக்குத் தெரியும்படி கட்டினாலே பாதி அமைதி வரும்.

2. கலியாண வெடியோ யானை வெடியோ கேட்டு மிரண்டால் உடனே கறக்கப் போகாதீர்கள். பயந்த மாடு அடங்க 20 முதல் 30 நிமிடம் வேண்டும்.

3. மூக்கணாங்கயிற்றை வெட்டி இழுக்காதீர்கள். வலியும் மனிதரும் ஒன்றென்று மாடு எண்ணிக்கொள்ளும்.

4. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு ஓடினால் கை போய்விடும். பழகாத மாட்டிடம் சிறுவரைத் தனியே அனுப்ப வேண்டாம்.

5. பழகிய மாடு திடீரென மாறினால் முதலில் நோயைத் தேடுங்கள். மடி வீக்கம், குளம்புப் புண், உண்ணி ஆகியவற்றின் வலியாலும் மாடு உதைக்கும்.

6. காரணமின்றிப் பாய்வது, ஓயாமல் கத்துவது, வாய்நீர் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது ஆகியவை விசர் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வாய்க்குள் கை வைக்கவே கூடாது. தள்ளி நின்று அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். வாய்நீர் உடம்பில் பட்டவர்கள் சவர்க்காரம் போட்டு நன்கு கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பழைய பாடம்

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுப் போர்வீரர் செனபோன் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அதில் அவர் வலியுறுத்தும் பாடம். ஒரு பொருளைக் கண்டு மிரளும் குதிரையை அடித்தால், அந்தப் பொருள்தான் தனக்கு வலி தந்தது என்று அது எண்ணிப் பயம் இரட்டிப்பாகும் என்பதையும் அவர் விளக்கியிருக்கிறார். போர்க்குதிரைக்குச் சொன்னது நமது வளவில் நிற்கும் ஊர்ப் பசுவுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர்ப் பட்டிக்காரர்களும் இதை அறிந்தவர்களே. நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரு குரலால் திருப்பும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாடு வாங்கும்போது, அது யாருடைய குரலுக்குப் பழகியது, என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதையும் கேட்டறிந்து வாருங்கள். அதே சொல்லால் கூப்பிட்டால் புதிய வளவில் அதற்குத் தெரிந்த ஒன்றாவது இருக்கும்.

உதைக்கும் மாட்டை விற்க நினைக்கும் குடும்பங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். வியாபாரிக்குச் சொல்லி அனுப்பும் முன் அந்த மாட்டுக்கு ஒரு மாதம் கொடுங்கள். செலவு நாளுக்கு இரண்டு வேளை அரை மணி நேரமும் ஒரு பிடி தவிடும் மட்டுமே. புதிய இடத்தில் வேரூன்ற நமக்கே நாட்கள் வேண்டியிருந்தன. அதற்கும் வேண்டும்.