ரேடியேட்டர் கொதிக்குதா? உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்!

சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம்தான். கோடை வெயிலில் இங்கே கார் சூடாகி நின்றால் பக்கத்திலேயே தண்ணீர் கிடக்கும். ஆனால் அதில் ஒரு சொம்புகூட ரேடியேட்டருக்கு ஆகாது!

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் காயக் காய அது பல மடங்கு ஏறும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அது அரித்துத் தின்றுவிடும்.

குக்கர் மூடி!

முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைக்க வேண்டும். "மூடியைத் திறந்து பாத்துடலாம்" என்று அவசரப்பட்டால் ஆபத்து! உள்ளே பிரஷர் குக்கர் கதைதான். 100 டிகிரிக்கு மேல் அடங்கிக் கிடக்கும் தண்ணீர், மூடி திறந்ததும் பீறிட்டு முகத்தை வேக வைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆற விடணும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ஜினில் விரிசல் விழலாம்.

எங்கே கோளாறு?

அடியில் சொட்டுகிறதா? ரப்பர் குழாயைப் பாருங்கள். ஓடும்போது ஃபேன் சுற்றவில்லையா? பியூஸ் போயிருக்கலாம். பெல்ட் அறுந்திருக்கிறதா? ஆயில், பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துத்தான் போகணும்.

வெறும் தண்ணீர்க் குறைவு என்றால், ஆறிய பிறகு குடிதண்ணீரை ஊற்றி மெக்கானிக் கடை வரை போகலாம். அங்கே கசிவை அடைத்து, கூலன்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிக்கியில் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருந்தால் என்ஜின் பிழைக்கும்!